படியில் உட்கார்ந்தவள்

யாரையோ பார்க்கத்தான் என் மருமகள் காலையில் நடக்கப் போகிறாளாம், அதற்குத்தான் சைக்கிள் கடைப் படியில் உட்காருகிறாளாம்! எதிர்வீட்டு மைதிலிக்கு வாய் கூசவில்லையே. விடியற்காலையில் கடையே திறந்திருக்காது. நெஞ்சு திடீரென்று படபடவென்று அடித்துக்கொண்டால் குழலி வேறு என்ன செய்வாள்? உட்காருவாள், தண்ணீர் குடிப்பாள், அடங்கினதும் மறுபடி நடப்பாள்.

தில்லை நகர் டாக்டரம்மா அவள் நெஞ்சில் ஒயரை ஒட்டி ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். ஓடவிட்டும் பார்த்தார். "இதயம் நல்லா இருக்கு. ஏன் படபடக்குதுன்னுதான் தெரியல. மயக்கமோ வலியோ வந்தா உடனே வாங்க. நடக்கிறத மட்டும் விட்டுடாதீங்க" என்றார். நானும் கூட இருந்து கேட்டேன்.

என் மகன் ரெங்கராஜ் அதை விட்டுவிட்டுத் தெருப்பேச்சை நம்பினான். "இனிமே வாசல் தாண்டாதே" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டிலேயே அடைந்து கிடந்ததில், துணி காயப்போட மாடி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. படபடப்பும் நின்றபாடில்லை.

தை வெள்ளிக்கிழமை, மைதிலி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். குழலி தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்று ரெங்கராஜ் மறித்தான்.

"நெஞ்சு எனக்குத்தானேங்க அடிக்குது, அவங்களுக்கா? தள்ளுங்க."

"தள்ளுடா" என்றேன் நானும்.

நகர்ந்தான். அவள் மைதிலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சித்திரை வீதிப் பக்கம் நடந்தாள்.