நாத்தனார் கொடுத்த தேன்மெழுகு சென்ட்

நாத்தனாரின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக நானும் கணவரும் எட்டு வயது மகளும் சிதம்பரம் போயிருந்தோம். மூன்று நாள் தங்கல். போய் இறங்கி முகம்கூடக் கழுவவில்லை, நாத்தனார் என்னைத் தனியாக அறைக்குள் இழுத்துப் போய் ஒரு குட்டி பாட்டிலைக் கையில் திணித்தாள்.

"இயற்கையா செஞ்ச சென்ட்டு அண்ணி. தேன்மெழுகும் மர வாசனையும். நாளைக்கு ஆளுங்க வர்றதுக்குள்ள போட்டுக்குங்க."

"எதுக்கு?"

"உங்க துணியில எல்லாம் ஃபேக்டரி வாட அடிக்குது. பாப்பா தலையிலகூட. தப்பா எடுத்துக்காதீங்க, எங்க வீட்டுக்காரர் சொந்தக்காரங்க முன்னாடி எனக்கு ஒருமாதிரி ஆவுது."

எங்கள் வீடு கடலூருக்குத் தெற்கே, தொழிற்பேட்டைக்குப் பின்னால். குடிபோய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அங்கே வாடை வருகிறது என்று யார் சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன். என் மூக்கில் ஒரு குறையும் இல்லை. பால் திரியப்போவதை முதல் நாளே சொல்லிவிடுவேன். என்னைச் சொன்னால்கூடப் போகட்டும், குழந்தையின் தலையைச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. அந்த சென்ட்டைப் போட்டுப் பார்த்து, இது ஒன்றுக்கும் ஆகாது என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை மணிக்கட்டில் இரண்டு சொட்டு. தேனாம், மெழுகாம்! மரக்கடையில் ரம்பம் ஓடும்போது வருகிற தூள் வாசனை. அதன் அடியில் அணைத்த மெழுகுவர்த்தி. ஹோமப்புகையில் பாதி காணாமல் போனது. மீதியைப் பந்தியில் சாம்பார் ஜெயித்துவிட்டது. சரி என்று புடவைத் தலைப்பிலும் தடவினேன். நல்ல பட்டுப்புடவை, எண்ணெய்க் கறைதான் மிச்சம். சாயங்காலம் மட்டும் வெதுவெதுப்பாக, லேசான தித்திப்போடு ஏதோ வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதில் எனக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. நாத்தனார் வேறு என் தோளை முகர்ந்துவிட்டு, "இப்ப பரவால்ல அண்ணி" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் கிளம்பும்போது சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "இதெல்லாம் ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கறவங்களுக்குத்தான் நிக்கும். வேல செய்யற பொம்பளைக்கு நிக்காது. எங்க வீட்டுல ஒரு வாடையும் கெடையாது, தெரிஞ்சுக்க."

ஜெயித்த சந்தோஷத்தோடு பஸ் ஏறினேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் ப்ளீச்சிங் பவுடரும் அழுகின பழமும் கலந்த மாதிரி ஒரு நெடி மூக்கில் அறைந்தது. கண் கரித்தது. திரையில், மெத்தையில், மடித்து வைத்த பள்ளிச் சீருடையில், எல்லாவற்றிலும் அது இருந்தது. பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

மகள் என்னைத் தாண்டி ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்து, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அப்பாடா, நம்ம வீட்டு வாசன!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாத்தனார் மேல் மூன்று நாளாகச் சேர்த்து வைத்த கோபம் முழுக்க என் மேலேயே திரும்பியது. ஜன்னல்களையெல்லாம் திறந்தேன். வெளியிலிருந்தும் அதுதான் வந்தது.

மறுநாள் காலை அதே தலையணையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.