தண்ணி நிக்குமா?

குன்னூரில், ஆற்றுப் பள்ளத்தாக்கில், வெள்ளைக்காரன் காலத்தில் அமைத்த பூங்காவைப் பார்க்கப் போயிருந்தோம். சரிவெங்கும் பூக்கள், வானத்தை முட்டும் பழைய மரங்கள், அடியில் சலசலக்கும் தண்ணீர். வேறு யாராவது கவிதை எழுதியிருப்பார்கள். எனக்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வீடு; அடையாறு இரண்டு முறை எங்கள் ஃப்ரிட்ஜை மிதக்கவிட்டிருக்கிறது. செங்குத்தான மலைச்சரிவில் நின்றுகொண்டு காவலாளியிடம் கேட்டேன்:

"அண்ணா, மழைக்கு இங்க தண்ணி நிக்குமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மனைவி பல்லைக் கடித்தாள்.

"இங்க மனை வாங்கவா வந்தோம்? ஏன் என் மானத்த வாங்கறீங்க?"

அசடு வழிந்தபடி நகர்ந்தேன். பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஒருவர் ஆசையாகத் திரும்பினார்.

"சார், முடிச்சூர்ல நீங்க எந்தத் தெரு?"