கல்லை வெட்டிய பிறகு

நான் வேலை பார்த்த கடையில் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. வெளிநாட்டு அடுப்பு, பாத்திரம் கழுவும் மெஷின், சுவருக்குள் பதிக்கும் ஓவன் எல்லாவற்றையும் நகைக்கடை மாதிரி விளக்குப் போட்டு வைத்திருப்பார்கள். விற்றதை வீட்டில் கொண்டுபோய்ப் பொருத்தும் ஃபிட்டர் நான். நீலசந்திராவில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத என் வீட்டுச் சமையலறையிலிருந்து கிளம்பிப் போய், ஊரார் வீட்டில் நாலு பர்னர் அடுப்பு மாட்டிவிட்டு வருவேன்.

இந்த அடுப்பை மேடைக்குள் இறக்கிப் பதிக்க வேண்டும். அதற்குக் கிரானைட்டில் அளவாக ஒரு சதுரம் வெட்ட வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வோர் அளவு. அதனால் அடுப்பு வீட்டில் வந்து இறங்கிய பிறகே கல்லில் கை வைப்போம். கடைசி வருடம் மேனேஜர் அதை மாற்றினார்.

"ஃபுல் பேமென்ட் வந்த அன்னிக்கே போயி வெட்டிடு. கல்லை வெட்டிட்டா அப்புறம் கேன்சல் பண்ண மாட்டாங்க."

அப்போது எங்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. ஒரு சாமான் எடுக்கக் குடோனுக்குப் போனபோது காலி அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன. வாட்ச்மேன் ஒளிக்காமல் சொன்னார். "சரக்கு கலாஸ் தம்பி. இனிமே வராது. நீ வேற எடம் பாத்துக்கோ."

மறுநாள் ஜீவனஹள்ளியில் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். தனியாக இருப்பவர். மேடையில் புதுக் கறுப்புக் கல், முகம் தெரியும் அளவுக்குத் துடைத்து வைத்திருந்தார்.

"முப்பத்தாறு வருஷம் ஊரு பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தேன் தம்பி. எனக்குன்னு ஒரு நல்ல அடுப்பு வேணாமா?" என்று சிரித்தார். "அடுத்த வாரம் வந்துரும்ல?"

"வந்துரும் டீச்சரம்மா."

சொல்லிவிட்டுக் கல் வெட்டும் மெஷினை ஓடவிட்டேன். வெட்டி முடிக்க அரை மணி நேரம் ஆனது. நடுவில் எந்த நிமிடமும் நிறுத்தியிருக்கலாம். வயிற்றுப் பிழைப்பு என்று சாக்குச் சொல்லலாம்தான். ஆனால் சம்பளமே தராத கடைக்காகப் போய் அதைச் செய்தேனே என்று எனக்கு என்மேல் இன்றும் ஆத்திரம் வருகிறது.

பத்து நாளில் ஷட்டர் இறங்கியது. மேனேஜர் போனை அணைத்துவிட்டார். வாடிக்கையாளர்கள் என் நம்பரைப் பிடித்துத் திட்டினார்கள். நான் எடுப்பதை நிறுத்தினேன். டீச்சரம்மா மட்டும் ஒருமுறைகூடத் திட்டவில்லை. அதுவே உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன்.

ஓட்டையின்மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் பழைய அடுப்பை வைத்திருந்தார். உயரம் எட்டாமல், முக்காலியில் ஏறி நின்று குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். இறங்கி வந்து என்னை உட்காரச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் தம்பி. கல்லை வெட்டறப்பவே உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"சத்தியமா தெரியாது டீச்சரம்மா. எனக்கும் சம்பளம் வரலை."

இரண்டாவது உண்மை. அதை வைத்து முதலாவதையும் நம்பிவிட்டார்.

"அடப்பாவமே, உன்னையும் ஏமாத்திட்டானுங்களா," என்று கலங்கினார். அங்கேயே தன் கூடப்பிறந்த தம்பிக்குப் போன் போட்டார். அவர் காக்ஸ் டவுனில் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை அங்கே சேர்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். என் மகளின் ஸ்கூல் ஃபீஸ் அந்தக் கடைச் சம்பளத்தில்தான் போகிறது.

போன மாதம் முதலாளிக்கு முழங்கால் ஆபரேஷன் என்று முடிவானது. கடையை யாரிடம் விட்டுப் போவது என்று அக்காவிடம் யோசனை கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"இவங்கிட்ட குடுத்துட்டுப் போடா," என்றார் டீச்சரம்மா. "பொய் சொல்லத் தெரியாத பிள்ளை."

முதலாளி சாவியை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.