அத்திப்பழத்தில் தாளிக்காத கடுகு

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டி, எதிரே ஆள் வந்தால் ஒருவர் தோளைச் சாய்த்துக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில், வெயிலுமுத்து என்கிற தாளிப்பு நிபுணர் வசிக்கிறார். நிபுணர் என்ற பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்கவில்லை. கொடுப்பார்கள் என்று காத்திருந்து பார்த்துவிட்டு அவரே எடுத்துக்கொண்டார். சைக்கிளின் பின்னால் இட்லிப் பாத்திரத்தைக் கட்டி, ரப்பர் ஹாரனைப் பிதுக்கிக்கொண்டு செம்பூர் பக்கம் போகிறவர்கள் அந்தச் சந்தில் நிறையப் பேர். எல்லாருடைய இட்லியும் வெள்ளை, எல்லாருடைய சட்னியும் தேங்காய். சட்னியின் தலையில் ஊற்றுகிற தாளிப்பில்தான் மனிதனுக்கு மனிதன் வேறுபடுகிறான் என்பது வெயிலுமுத்துவின் சித்தாந்தம். எண்ணெய் எப்போது புகைய நினைக்கிறது, கடுகு எப்போது பொறுமை இழக்கிறது என்பதை அவர் விளக்க ஆரம்பித்தால் வாடிக்கையாளரின் இட்லி ஆறிவிடும்.

மற்றதெல்லாம் அவருடைய மனைவி இசக்கிசெல்வியின் இலாகா. மாவு அரைப்பது, புளிப்பு பார்ப்பது, சாம்பாரில் உப்பு பார்ப்பது எல்லாம் அவள்தான். அந்த வியாபாரத்தின் நாக்கு அவளுடையது. அது பாராட்டிப் பழகாத நாக்கு. "இதையும் மனுசன் திம்பானா?" என்றால் சுமாராக இருக்கிறது என்று அர்த்தம். "ம்" என்றால் பிரமாதம். 'நல்லாருக்கு' என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்த அன்று வெயிலுமுத்துவைக் காட்டி மாப்பிள்ளை எப்படி என்று கேட்டதற்கும் "ம்" என்றுதான் சொன்னாளாம். அந்த "ம்"மை நம்பித்தான் அவர் இத்தனை வருடம் குடும்பம் நடத்தினார்.

போன வருடம் அவள் கன்னத்துக்குள் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். பிறகு கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். கட்டி போகும்போது ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது. சில மாதம் கழித்துக் கட்டி மட்டும் கழுத்துக்குத் திரும்பி வந்தது, ருசி வரவில்லை. ஆஸ்பத்திரியில் இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். என்ன சாப்பாடு கொடுக்கலாம் என்று கேட்டதற்கு, அவங்களுக்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்றார் டாக்டர்.

பிடித்தது என்று ஒன்று இருந்தால்தானே. மீன் குழம்பு வைத்துக் கொடுத்தார், மண் என்றாள். பாயசம் கொடுத்தார், ஈர மண் என்றாள். மிளகாயைக் கூட்டினால் வாய் புண்ணானது.

"மண்ணுலயும் இத்தன ரகம் இருக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள் இசக்கிசெல்வி.

பக்கத்து வீட்டு நூர் நிஷா கடையநல்லூர்க்காரி. பாந்திராவில் ஒரு பெரிய ஓட்டலின் சமையற்கட்டில் காய் நறுக்குகிறாள். ஒரு நாள் அங்கே மிஞ்சியதை ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்தாள். தேன் நிறத்தில் ஏதோ பாகு, அதற்குள் ஒரு பழத்துண்டு.

"இது அஞ்சீரு அக்கா. நம்ம அத்திப்பழம். கடுகு போட்டிருக்கு. வெள்ளைக்காரன் இதைக் கறிக்குத் தொட்டுக்கிடுதான். சும்மா நாக்குல வச்சுப் பாரு."

இசக்கிசெல்வி வேண்டாவெறுப்பாக வாயில் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது.

"ஏய்! ஏய்! வந்திட்டுடி!" என்று கத்தினாள்.

"என்னக்கா வந்திட்டு?"

"என்னமோ ஒண்ணு. மூக்கு வழியா வந்து உச்சிக்கு ஏறுதுடி!"

கடுகின் காரம் நாக்கை நம்பிப் பிழைப்பதில்லை. நேரே மூக்குக்குப் போய்க் கதவைத் தட்டும். மாதக்கணக்கில் ஒன்றும் நுழையாத வீட்டுக்குள் அது நுழைந்துவிட்டது. வெயிலுமுத்து அன்றைக்குப் பூராவும் சந்தில் போவோர் வருவோரிடம் எல்லாம் அதைச் சொன்னார்.

ஆனால் அடுத்த வாரமே ஓட்டலில் மெனுவை மாற்றிவிட்டார்கள். பணக்காரர்களின் நாக்குக்கு ருசி போகாது, அலுத்துத்தான் போகும். இனி அது கிடைக்காது என்று நூர் நிஷா சொன்னபோது வெயிலுமுத்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"கடுகுதானம்மா? எங்கிட்டயா? விடு."

"அண்ணே, கவனமா கேளுங்க. அஞ்சீரச் சீனிப் பாகுல போட்டு வேக வைக்கணும். நல்லா ஆறவிடணும். பொறவு கடுகப் பச்சையா, குளுந்த தண்ணி விட்டு அரைச்சுக் கலக்கணும். கடுகுல சூடே படக்கூடாது. பட்டா காரம் செத்துரும்."

"பச்சையாவா? தாளிக்காமலா?"

"தாளிக்காமத்தான்."

வெயிலுமுத்துவின் முகம் வெளிறியது. இது தொழில் கர்வம் என்று நூர் நிஷா நினைத்தாள். கர்வம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அவரை உலுக்கியது வேறு. அவர்கள் ஜனத்தில் துட்டி வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், பதினாறு கழிகிறவரை தாளிக்க மாட்டார்கள். அடுப்பு எரியும், சோறு வேகும், குழம்பு கொதிக்கும், கடுகு மட்டும் வெடிக்காது. ஒரு வீட்டில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால் அங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம். பொண்டாட்டி கட்டிலில் படுத்திருக்கும்போது அவள் வாய்க்கென்று தாளிக்காத கடுகைத் தயார் செய்வதா? எமனுக்குப் பத்திரிகை அடித்துக் கொடுப்பது போல அல்லவா!

அவர் மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போய் அத்திப்பழம் வாங்கினார். 'அத்திப்பழத்தைப் புட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்ற பழமொழியில் வளர்ந்தவர் என்பதால், கடைக்காரன் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்த்தார். புனேப் பக்கத்துப் பழத்தில் புழு ஏது? "க்யா கர்தா ஹை அண்ணா?" என்ன பண்ணுகிறாய் என்று இந்தியில் கேட்டுக் கடைக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிட்ட பழம் அத்தனையும் வெயிலுமுத்துவின் பையில் வந்து விழுந்தது.

பாகு காய்ச்சிப் பழத்தை வேகவைத்தார். பிறகு வாணலியில் எண்ணெய் ஊற்றி, தன் வாழ்நாள் வித்தை முழுவதையும் திரட்டி, கடுகை வெடிக்கவிட்டு அதன் தலையில் கொட்டினார். பழக்கதோஷத்தில் கறிவேப்பிலையும் விழுந்துவிட்டது.

இசக்கிசெல்வி ஒரு கரண்டி சாப்பிட்டாள். அவர் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் காய்ந்து கிடந்தது.

"நல்லாருக்கு" என்றாள்.

வெயிலுமுத்து கரண்டியை வாங்கி, பாத்திரத்தை மூடி வைத்தார்.

அடுத்த முறை அறிவுபூர்வமான ஒரு சமரசம் செய்தார். எண்ணெய் இல்லாமல், கடுகை வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டிப் பொடித்துப் போட்டார். அவரைப் பொறுத்தவரை அது தாளித்ததற்குச் சமம். காரத்தைப் பொறுத்தவரையும் அப்படித்தான்.

"இதுவும் நல்லாருக்கு" என்றாள் அவள். அவர் வாயைத் திறக்கும் முன்பே சேர்த்துக்கொண்டாள். "மொதல்ல வச்சதவிட நல்லாருக்கு."

அவர் வெளியே போய் சைக்கிளை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவள் அவரைத் திட்டாமல் விட்ட நாள் இல்லை. இப்போது இரக்கப்பட்டுப் புகழ்கிறாள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதியிருந்ததை அவர் நம்பவில்லை. இதை நம்பினார்.

நூர் நிஷாவுக்குப் பொறுக்கவில்லை. கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். இசக்கிசெல்வி புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏன் பச்சையா அரைக்கல?"

அவர் தரையைப் பார்த்தார்.

"வாயத் திறந்து சொல்லும்."

"இந்த வீட்டுல தாளிக்காம எப்படிச் செல்வி..."

அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் போன பொறவு பதினாறு நாளு தாளிக்காமத்தான் திங்கப் போறீரு. அதுல எனக்கு ஒரு வாய் கிடைக்குமா? ஒரு நாள இப்பவே கழிச்சுக்கிடும். கணக்கு சரியாப் போவும்."

"அப்படிச் சொல்லாதட்டி."

"பழம் முடியப் போவுது. போயி வாங்கிட்டு வாரும். பிட்டுப் பாக்காதயும்."

அந்த வருடத்தின் கடைசிப் பழங்கள் அவை. அன்று வெயிலுமுத்து வியாபாரத்துக்குப் போகவில்லை. சட்னி இல்லை, ஆகவே தாளிப்பும் இல்லை. அவர் வீட்டுக் கடுகுச் சத்தத்தில் விழித்துப் பழகிய சந்து அன்று என்னமோபோல விழித்தது. அவர் பாகை இறக்கி ஆறவிட்டார். கடுகைக் குளிர்ந்த தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்தார். நிபுணர் அல்லவா, மூடியைத் திறந்தவுடன் பதம் பார்ப்பதற்காக மூக்கை ஜாருக்குள் விட்டு ஆழமாக இழுத்தார்.

தாளித்தே பழக்கப்பட்ட மனிதனுக்குப் பச்சைக் கடுகின் சுபாவம் தெரியாது. முகத்தில் யாரோ அறைந்தது போலிருந்தது. மூச்சு அடைத்து, கண்ணும் மூக்கும் ஒழுக, மார்பில் அடித்துக்கொண்டு சந்துக்கு ஓடி வந்தார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பேராச்சி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். அவள் அவருக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. காலையிலிருந்து தாளிப்பு மணமே வரவில்லை என்று ஏற்கெனவே மனசுக்குள் ஒரு நெருடல் அவளுக்கு.

"அண்ணே! என்னண்ணே?"

அவருக்குக் குரல் வரவில்லை. கையை நீட்டி வீட்டுக்குள்ளே காட்டினார்.

குடம் கீழே விழுந்தது. பேராச்சி தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டே உள்ளே ஓடினாள்.

"மாவரைச்ச கையழகி, மாராப்பு மடிப்பழகி,
செம்பூரு பசியாற விடியுமுன்னே முழிச்சவளே,
அடுப்பு அணையுமுன்னே ஆரு சொல்லிப் போனியம்மா..."

"யாருட்டி போனது?" என்று கேட்டாள் இசக்கிசெல்வி, கட்டிலில் தலையணையில் சாய்ந்தபடி.

பேராச்சி வாயைத் திறந்தபடியே நின்றாள். பின்னாலேயே சந்துப் பெண்கள் நாலைந்து பேர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வந்து, ஒருவர் முதுகில் ஒருவர் முட்டி நின்றார்கள். வெயிலுமுத்து கடைசியாக வந்து, "கடுகு... கடுகு..." என்றார்.

"மயினி, நான் வந்து..." பேராச்சிக்கு அழுகையும் வெட்கமும் ஒன்றாக வந்தன. "மன்னிச்சிரு மயினி. நாசமாப் போற வாயி."

"வாயி நல்லாத்தான் இருக்கு. ஏன் நிப்பாட்டிட்ட? மிச்சத்தையும் பாடு."

"ஐயோ, என்ன மயினி!"

"பாடுட்டி. அன்னைக்கு என்னால கேக்க முடியாதுல்லா."

வெளியே உருண்ட குடத்தை யாரோ நிமிர்த்தி வைத்த சத்தம் கேட்டது.

"அதென்ன மாராப்பு மடிப்பழகி?" என்று இசக்கிசெல்வியே ஆரம்பித்துக் கொடுத்தாள். "இருவது வருசமா நைட்டியிலதான் கெடக்கேன். பொய்யாப் பாடாத. குழாயடியில நம்ம ரெண்டுபேரும் முடியப் பிடிச்சு உருண்டோமே, அதச் சொல்லு."

பேராச்சி தரையில் உட்கார்ந்தாள். முதலில் குரல் எழும்பவில்லை. பிறகு, கட்டிலில் இருக்கிறவள் முகத்தைப் பார்க்காமல், காலைப் பிடித்துக்கொண்டு பாடினாள்.

"குழாயடிச் சண்டையில குடத்தால அடிச்சவளே,
அடிச்ச வீக்கம் வத்துமுன்னே சோறு கொண்டு வந்தவளே,
ஒத்தடமும் நீதானே, உப்புப் பொட்டலமும் நீதானே..."

இசக்கிசெல்வி சிரித்தாள். ஒரு பக்கக் கன்னம் இழுத்துக்கொண்டதால் கோணலாக வந்தது அந்தச் சிரிப்பு. "குடம் நசுங்குனதச் சொல்லலையே" என்றாள். பேராச்சி அதையும் சேர்த்துக்கொண்டாள். ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து அழத் தொடங்கினார்கள். நூர் நிஷா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அதற்கு நடுவில் வெயிலுமுத்து மூலையில் திரும்பி உட்கார்ந்து, அரைத்த கடுகை ஆறின பழத்தோடு கலந்துகொண்டிருந்தார். அவருக்கு வேறு எந்த வேலையும் தெரியவில்லை. ஒரு கரண்டி எடுத்து வந்து அவள் வாயில் வைத்தார்.

அவள் கண்ணை மூடினாள். கழுத்து நரம்பு புடைத்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, இருமி, கண்ணீர் இரண்டு பக்கமும் காதுவரைக்கும் வழிய, அவர் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"பாவி மனுசா! என்னத்தக் கலந்தீரு! கபாலம் பிளக்குது! இதையும் மனுசன் திம்பானா?"

வெயிலுமுத்து அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"அழுதது போதும். இன்னொரு கரண்டி எடும்" என்றாள் அவள்.

ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் ஒரு பிற்பகலில் இசக்கிசெல்வி போனாள். அத்திப்பழம் பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. கடைசி வாரத்தில் அவளால் விழுங்க முடியவில்லை.

சந்து அடைக்க ஆட்கள் கூடினார்கள். அம்பர்நாத்திலிருந்தும் சான்பாடாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பேராச்சி தலைமாட்டில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. "பாடு தாயி, மனசுல வச்சிக்கிடாத" என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள்.

"எல்லாத்தையும் அன்னைக்கே கேட்டு வாங்கிட்டாளே" என்றாள் பேராச்சி. "புதுசா நான் என்னத்தச் சொல்ல?"

கூரைத் தகரத்தின் மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. வெயிலுமுத்து பேராச்சி பக்கம் திரும்பினார்.

"குழாயடியச் சொல்லு தாயி" என்றார். "புதுசா வேண்டாம். அதுக்குத்தான் அவ சிரிச்சா."