மல்லி மூட்டைக்குள் அடித்த போன்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள், மறதியும் உண்டு. பொறுத்துப் படியுங்கள்.

கொத்தமல்லி மூட்டைக்குள் போன் அடித்த சத்தம் மட்டும் மறக்கவில்லை. உள்ளே புதைத்தவள் நான்தான். அன்று காலை என் மகள் திருச்சுழிக்கு பஸ் ஏறியிருந்தாள். கொஞ்ச நேரத்தில், பஸ் கவிழ்ந்து ரத்தமாகக் கிடக்கிற படம் ஒன்று போனில் வந்தது. எந்த ஊர் என்று போடவில்லை. எனக்கு அது மகள் போன பஸ்ஸாகவே தெரிந்தது. முழுசாகப் பார்க்கத் தொடச் சொன்னது, தொட்டேன். கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்று தொட்டேன். பஸ்ஸைக் காணோம், உடுப்பில்லாத ஆணும் பெண்ணும் வந்தார்கள். சட்டென்று மூடினேன். மகள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மத்தியானம் ஒருவன் கூப்பிட்டான். என் பேரையும் மருமகன் பேரையும் சொன்னான். நான் தொட்ட தொடலில் போனில் இருந்த பேரெல்லாம் அவனிடம் போயிருந்தது. அந்த அசிங்கப் படத்தில் என் முகத்தை ஒட்டி மருமகனுக்கு அனுப்புவானாம். போனுக்கு வருகிற ஆறு எண்ணைச் சொன்னால் விட்டுவிடுவானாம். மருமகனோடு கதவுக்குப் பின்னால் நின்றே பேசுகிறவள் நான். போனை மல்லிக்குள் அமுக்கி, மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன். அது அடித்துக்கொண்டே இருந்தது.

கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, முறம் கேட்டு வந்தாள்.

"ஏக்கா, மல்லி மூடை பாடுது! அடைகாக்கவா உக்காந்திருக்கீக?"

நான் அழுததும் சிரிப்பை நிறுத்தி, விஷயத்தைக் கேட்டாள். போனைத் தோண்டி எடுத்தாள். ஆறு எண் வந்து கிடந்தது.

"சொல்லிட்டீகளா?"

"இன்னும் இல்ல தாயி. சொல்லிரவா?"

"சொன்னீகன்னா போனு, பேங்குக் காசு எல்லாம் அவன் கைக்குப் போயிரும். மருமகன்ட்ட நீங்களே முந்திச் சொல்லிருங்க. அப்புறம் எதச் சொல்லி மெரட்டுவான்?"

"வெக்கமா இருக்கே."

"அந்த வெக்கத்தத்தான்க்கா அவன் புடிச்சு இழுக்குறான்."

என் போனை அணைத்துவிட்டு, தன் போனில் மருமகனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். சொன்னேன். அவர் வந்து, அருப்புக்கோட்டை போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். படம் எதுவும் வரவில்லை.

போன வருஷம் காமாலையில் ஓரகத்தி போய்விட்டாள். இப்போதும் ரத்தமும் அம்மணமுமாக ஏதாவது வருகிறது. தொடுவதில்லை, மகளுக்கே போன் போட்டு, சேர்ந்துவிட்டாளா என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்று நான் சொல்லி முடித்ததும் மருமகன், "அத்தை, சாப்பிட்டீகளா?" என்று மட்டும் கேட்டதாக ஞாபகம். வேறு ஏதும் சொன்னாரா தெரியவில்லை. யாராவது அவரிடம் விசாரித்துச் சரிபாருங்கள். எனக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.