ஸ்கூட்டரில் போன சாக்லேட் கேக்

மெட்டுகுடாவில் குடியிருக்கும் என்ஜினியர் ஜெயகரன் இருபது வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுவது, ஒலியை மிஞ்சும் விமானங்களின் காற்றுக் கதவுகளை. என்ஜினுக்குள் அளவுக்கு மீறிக் காற்று புகுந்தால், அதை வெளியே தள்ளச் சின்னக் கதவுகள் தாமாகத் திறக்கும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் விமானத்தின் மூக்கு திரும்பிவிடும். ஆட்டோபைலட் பதறிப்போய் எதிர்ப்பக்கம் இழுக்கும். உடனே காற்று மாறிக் கதவு மறுபடி அசையும். இரண்டும் நல்லதுதான் செய்கின்றன, விமானம்தான் நேராகப் போகாது. "தொறக்கதுக்கு முன்னாடி கதவு ஆட்டோபைலட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்" என்று அவர் சொல்லாத மீட்டிங் கிடையாது. கேட்டுக் கொட்டாவி விடாதவரும் கிடையாது.

அன்று சர்ச்சில் கேக் போட்டி. வருஷா வருஷம் ரோஸ்லின் தட்டிச் செல்லும் பரிசை இந்த முறை விடுவதில்லை என்று ஜெயகரனின் மனைவி ஜெயசுந்தரி கங்கணம் கட்டியிருந்தாள். மடியில் கேக் பெட்டியோடு ஸ்கூட்டரில் ஏறினாள். ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளந்தது.

வளைவில் ஜெயகரன் இடப்பக்கம் சாய்ந்தார். கேக் சரியுமே என்று அவள் வலப்பக்கம் சாய்ந்தாள். வண்டி கோணியது. அவர் ஹேண்டிலைத் திருப்ப, அவள் மறுபக்கம் சாய, ஸ்கூட்டர் நடுரோட்டில் கோலம் போட்டது.

"க்யா மியா, பீகே சலாரே?" குடித்துவிட்டா ஓட்டுகிறீர் என்று கேட்டுவிட்டுப் போனார் ஓர் ஆட்டோக்காரர்.

ஜெயகரன் வண்டியை ஓரங்கட்டினார். முகமெல்லாம் பல்.

"சுந்தரி, நீதான் கதவு! நான் ஆட்டோபைலட்!"

"என்னத்த உளறுதிய?"

கொளுத்தும் வெயிலில் நின்று, கையைக் காலை ஆட்டி, முழுசாக விளக்கினார். கல்யாணமான நாளிலிருந்து புரியாத அவர் வேலை அவளுக்கு அன்றுதான் புரிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏங்க, வலப்பக்கம் சாயுதேன்" என்று சொல்லிச் சொல்லியே அவள் சாய்ந்தாள். மீதித் தூரம் ஸ்கூட்டர் நூல் பிடித்தாற்போல் போனது.

சர்ச்சில் பெட்டியைத் திறந்தார்கள். கேக் இம்மியும் சரியவில்லை. ஆனால் மேலிருந்த கிரீம் மொத்தமும் உருகிக் குழம்பாகக் கிடந்தது.

பரிசு ரோஸ்லினுக்கே போனது. திரும்பும் வழியில் ஜெயசுந்தரி அவர் காதோரம் குனிந்தாள்.

"இனிமே வாயத் தொறக்கதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. கேக் பெட்டிய நெழல்ல வச்சிட்டு வாரேன்."