காலில்லாத கவுதாரி

பூசணிக்காயை அம்பு விட்டு அடிச்ச ஆளு ஒலகத்துலயே எங்கப்பா ஒருத்தராத்தான் இருப்பாக. குறி வச்சது என்னமோ கவுதாரிக்குத்தான். அது பாட்டுக்குக் கத்திக்கிட்டு கொள்ளுச் செடிக்குள்ள ஓடிருச்சு. அம்பு போயி பக்கத்துக் கொல்லைக்காரி பூசணியில சொருகி நின்னுச்சு. ரெண்டாவது அம்பு எங்கன போச்சுன்னு இன்னைவரைக்கும் தகவல் இல்ல.

இப்பல்லாம் கவுதாரிய மொறச்சுப் பாத்தாலே ஃபாரஸ்ட்டுக்காரக ஜீப்பு வந்து நிக்கும். அப்ப கேக்க ஆளில்ல. எனக்கு ஒம்பது வயசு இருக்கும். எங்கப்பா ஆண்டிபட்டிப் பக்கம் தறி நெசவு பாத்த ஆளு. தொழிலு நொடிச்சுப் போகவும், எங்கம்மா பொறந்த ஊருன்னு இந்த வருசநாட்டுக்கு எங்களக் கூட்டியாந்துட்டாக. மாமா வீட்டுல, அதாவது அம்மாவோட அண்ணன் வீட்டுல, மாட்டுக் கொட்டத்த ஒட்டி ஒரு ரூம்பு. காட்டோரத்துல ஒரு மேகாடு, மழைய நம்புன மேட்டு நெலம், கெடந்துச்சு. அது அம்மாவுக்குன்னு தாத்தா சொல்லிட்டுப் போனது. அதை விட்டுக் குடுத்தா நாங்க தனி அடுப்புப் பத்த வச்சிருவோம். மாமாவுக்குத்தான் மனசு வரல.

"மாப்ள, நூலு சுத்துன கைக்குக் காடு எதுக்கு? வெதை போட்ட மறுநாளே கவுதாரி வந்து பொறக்கித் தின்னுபுடும். நீங்க என்ன, பாட்டுப் பாடியா வெரட்டுவீக? வில்லெடுத்து நாலு கவுதாரி அடிச்சுக் காட்டுங்க. அன்னைக்கே ஏரை அங்க ஓட்டி விடுறேன்."

அந்த வீட்டு ஆம்பளைக எல்லாம் வில்லுல கில்லாடிக. கண்ணி வச்சுப் பிடிக்கிறதுன்னா மட்டும் அவுகளுக்குக் கேவலம். கையாலாகாதவன் சோலின்னு காறித் துப்புவாக.

எங்கப்பா வில்லு செஞ்சாக பாருங்க, அம்புட்டு அழகு. மூங்கிலுக்கு எண்ணெய் தடவி வளைச்சு, தறி நூல எட்டா முறுக்கிக் கஞ்சி போட்டு நாண் கட்டி, ஒடஞ்ச குடைக்கம்பியத் தீட்டி அம்புக்கு முனை வச்சு... மாமாவே நாணச் சுண்டிச் சுண்டிப் பாத்தாக. என்ன, அந்த வில்லுக்குக் கண்ணு இல்ல. எங்கப்பாவுக்கும் இல்ல. ஒம்பது நாளு வெறுங்கையோட வந்தாக. பத்தாம் நாளு கையில ஒரு கவுதாரி! நெஞ்சுல ஒத்த ஓட்டை.

நான் நம்பல. வீட்டுல கோழி அறுத்தாலே தெருவுல போயி நின்னுக்கிற மனுசன். சந்தையில வாங்குனாகளோ? எவனாச்சும் அடிச்சுப் போட்டதத் தூக்கிட்டு வந்தாகளோ? மாமாவும் நம்பலதான். அம்மா அடுப்படிக்குக் கொண்டு போனதத் திரும்ப வாங்கி, றெக்கைய விரிச்சு விரிச்சு மோந்து பாத்தாக.

எனக்கு அம்மா மேலயும் சந்தேகம். கோழி அடிச்சா காலை எனக்குத்தான் வாட்டித் தருவாக. கவுதாரின்னா மட்டும், கையில வாங்குன ஒடனே, எறகு கூடப் புடுங்காம, மொதல்ல ரெண்டு காலையும் நறுக்கி அடுப்புக்குள்ள போட்டுருவாக. ரெண்டாவது கவுதாரிக்கும் அதே கதி. நமக்குத் தெரியாம தனியாத் திங்கிறாக போலன்னு சாம்பலக் கிண்டிப் பாத்தேன். கருகுன நகந்தான் கெடந்துச்சு.

சரி, மொதல்ல அப்பாவப் பிடிப்போம்னு, சாணி பொறக்கப் போற மாதிரி கூடையத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே போனேன். மேகாட்டுக்கு மேல ஒரு எலந்தைப் புதரு. வில்லு ஒரு கெளையில சும்மா தொங்குது. எங்கப்பா குத்த வச்சு உக்காந்து, தறியில அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுவாகல்ல, அதே வேகத்துல நூலச் சுருக்குப் போட்டு வரிசையாக் குச்சியில கட்டுறாக. அந்தக் கை அப்படி ஓடி நான் பாத்து வருசமாச்சு. ஏற்கெனவே வச்ச ஒரு சுருக்குல கவுதாரி காலு மாட்டித் துடிச்சுச்சு. கழுத்தத் திருகுறப்ப கண்ண இறுக்கி மூடிக்கிட்டாக. பெறகு மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு, அம்ப எடுத்து அது நெஞ்சுல ஒரே குத்து.

நிமிந்தா நான் நிக்கிறேன்.

"ஆத்தா... உங்கம்மாகிட்டச் சொல்லிறாத."

மாமா பேச்சையே அவுக எடுக்கல. அம்மான்னுதான் சொன்னாக.

நாலாவது கவுதாரி வந்த அன்னைக்கு மாமா எங்க ரூம்புலயே சாப்பிட உக்காந்துட்டாக. கொழம்பக் கிண்டிக்கிட்டே, "காலை எங்க ஆத்தா காணோம்? கண்ணியில விழுந்ததா அம்புல விழுந்ததான்னு காலைப் பாத்தாத் தெரிஞ்சுபோகும்"னாக. சுருக்கு இறுக்குன எடத்துல வளையமாத் தடம் நிக்குமாம். எங்கப்பா கையில எடுத்த சோறு வாய்க்குப் போகாம நின்னுச்சு.

அம்மா சட்டுன்னு என்னையக் காட்டி, "இந்தா நிக்கிறாளே, இவதான் தின்னா. கண்ணு அசந்தா அடுப்போட சேத்து முழுங்கிருவா"ன்னாக.

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. நாலு கவுதாரிக்கு எட்டுக் காலு. ஒரு நகத்தக் கூட நான் நாக்குல வச்சதில்ல. கத்துறதுக்கு வாயத் தொறந்தேன். அப்பா மூஞ்சி தெரிஞ்சுச்சு. மூடிட்டேன்.

"எலும்பு எங்கடி?"

"கடிச்சுத் தின்னுட்டேன் மாமா."

"நகம்?"

"அதையுந்தான்."

மாமா என்னையப் பாத்தாக. அம்மாவப் பாத்தாக. "இவளக் கட்டப் போறவன் பாவம்"னுட்டுக் கையக் கழுவி எந்திரிச்சாக. மறுநா காலையில ஏரு மேகாட்டுக்குப் போச்சு.

திங்காத காலுக்குத் திருடிங்கிற பட்டம் வாங்கி வச்ச அம்மாகூட நான் ரொம்ப நாளு பேசல. அவுகளுக்கு அப்பா ரகசியம் ஒண்ணும் தெரியாது, எனக்குத்தான் தெரியும்ங்கிற மெதப்பு வேற.

வெதை போடப் போற அன்னைக்கு, அப்பா கையில கஞ்சித் தூக்கைக் குடுத்த அம்மா, மடியில இருந்து ஒரு நூலு உருண்டையையும் எடுத்து வச்சாக. பழைய சேலைக் கரையில உருவுன நூலு. எட்டா முறுக்கிக் கஞ்சி கூடப் போட்டிருந்துச்சு.

"வேணும்ல"ன்னாக.

அப்பா வாங்கிக்கிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டாக. எனக்கு மறுபடியும் சந்தேகம். அம்மாவுக்குத்தான் கண்ணி வெவரம் தெரியாதே, பெறகு எதைத் தைக்க இந்த நூலு? அப்பாவச் சுத்திச் சுத்தி வந்து, சட்டைய முன்னயும் பின்னயும் பாத்தேன். ஒரு கிழிசலும் இல்ல.